மாறும் வெளிச்சத்தில் ஒரு சிற்றூரைப் படம்பிடிப்பது எப்படி: தோவாளையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கேமராவுடன் வருகிறவர்களில் பலர் குமரி முனையில் சூரியோதயத்தை எடுத்துவிட்டு, பிறகு காரில் ஏறி ஒவ்வொரு ஊராக இறங்கி ஏறுகிறார்கள். மாலையில் பார்த்தால் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஓர் ஊர் கூட இருக்காது. இந்த வழிகாட்டி ஒரே ஊரில் ஒரு முழு நாள் நின்று எடுக்க விரும்புகிறவர்களுக்கு. நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது நாகர்கோவில்–திருநெல்வேலி சாலையில் ஆரல்வாய்மொழிக்குச் சற்று முன் வரும் தோவாளை. பூச்சந்தை, மலை, வயல், பாசனச் சானல், சற்றுத் தள்ளிக் காற்றாலைகள் என எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ போகும் தொலைவில் இருக்கின்றன. பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், சுசீந்திரம், தேரூர் என்று வேறு ஊரை எடுத்துக்கொண்டாலும் வரிசை இதுதான்.

வரிசையை மாற்ற வேண்டாம். வெளிச்சம் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதால், எங்கே முதலில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

இந்த மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் இருக்கிறது. இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. மூன்றையும் வெளிநாட்டுப் புத்தகங்களை வைத்துப் பழகியவர்கள் தவறவிடுகிறார்கள்.

ஒன்று, பொன்வெயில் இங்கே குறுகியது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தை 40 முதல் 45 நிமிடத்தில் தாண்டிவிடும். வெப்பமான, சாய்ந்த, நீண்ட நிழல் தரும் வெளிச்சம் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும் என்று திட்டமிட்டு வந்தவர்கள் இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் வெளுத்திருக்கும்.

இரண்டு, உதயமும் அஸ்தமனமும் ஆண்டு முழுவதும் அதிகம் நகர்வதில்லை. இரண்டுமே ஏறக்குறைய 6.00 மணிக்கும் 6.45-க்கும் இடையில் அடங்கிவிடும். மே இறுதியில் 6.00 மணியை ஒட்டி விடியும். ஜனவரி இறுதியில் 6.40-ஐத் தாண்டும். மாலையில் நவம்பரில் 6 மணியை ஒட்டியே இருட்டத் தொடங்கும், ஜூலையில் 6.40 வரை சூரியன் இருக்கும். நேரம் நகரவில்லை என்றாலும் இடம் நகர்கிறது. டிசம்பரில் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை தெற்கே தள்ளியும், ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளியும் சூரியன் எழும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கு பார்த்த வீட்டு முகப்புகளில் வெயில் விழும். தெற்கு பார்த்தவை நிழலில் இருக்கும். மற்ற மாதங்களில் தலைகீழ். கிழமேலாக ஓடும் தெருவில் எந்த வரிசை வீடுகள் ஒளியில் இருக்கும் என்பது பருவத்தோடு இடம் மாறுகிறது. டிசம்பரில் எழுதிய குறிப்போடு ஜூனில் வந்து, தெருவின் தவறான பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பருவத்தையும் வயலையும் சேர்த்துப் பாருங்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இங்கே இரண்டு நெற்பருவங்கள். நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும் சில நாட்களில் மலையும் வானமும் முழுதாகப் பிரதிபலிக்கும். ஜூனை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும் அதை எதிர்பார்க்கலாம். ஆனால் அணைத் தண்ணீர் திறப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். ஊரில் யாரிடமாவது, ‘வயலில் தண்ணீர் கட்டிவிட்டார்களா?’ என்று கேட்டுவிட்டுப் புறப்படுவது எந்தச் செயலியையும் விட நம்பகமானது.

2. முந்தைய நாள் மாலை: கேமரா இல்லாமல் நடங்கள்

கேமரா கையில் இருந்தால் படம் தேடத் தொடங்கிவிடுவோம். இந்த நடையில் தேட வேண்டியது சுவர்களையும் திசைகளையும்.

ஒரு தாளில் ஊரின் படத்தைத் தோராயமாக வரையுங்கள். செல்போனில் உள்ள திசைகாட்டியை வைத்து ஒவ்வொரு தெருவும் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறியுங்கள். கோயில் முகப்பு, தேவாலய முகப்பு, டீக்கடை வாசல், குளத்துப் படித்துறை ஆகியவை எந்தத் திசை பார்க்கின்றன என்று எழுதுங்கள். சுசீந்திரத்தில் ஏழு நிலைகளும் 134 அடி உயரமும் உள்ள ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது. அதன் சுதை வேலைப்பாடு காலையில்தான் எழுந்து நிற்கும். மாலையில் போனால் கரிய வடிவம் மட்டுமே கிடைக்கும். இதை முன்பே எழுதி வைத்தால் ஒரு மாலை வீணாகாது.

அடுத்து, கிழக்கே மலை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்க வேண்டும். தோவாளைப் பகுதியில் இது மிக அவசியம். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து மலைமுகடு வரை அரை முஷ்டி இருந்தால், செயலி சொல்லும் உதய நேரத்துக்கு 20 நிமிடம் கழித்துத்தான் வெயில் தெருவில் விழும். ஒரு முஷ்டி என்றால் 40 நிமிடம். சன் சர்வேயர், போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் சூரியன் எழும் திசையைக் காட்டும். அந்தத் திசையில் மலை எவ்வளவு உயரம் என்பதை நம் கைதான் அளந்து சொல்ல வேண்டும்.

மறுநாள் நிற்கப்போகும் இடங்களில் ஆட்களிடம் பேசிவைப்பதும் இந்த நடையில்தான். சந்தையில் ஒரு கடைக்காரர், டீக்கடை, ஒரு வீட்டுத் திண்ணை போதும். ‘அண்ணாச்சி, நாளைக்கு விடியற்காலையில் வந்து கொஞ்சம் படம் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று முந்தைய நாளே கேட்டவரை எல்லோரும் இடம் கொடுத்து நிற்க வைப்பார்கள். விடியற்காலை அவசரத்தில் முன்பின் தெரியாமல் லென்ஸை நீட்டுகிறவரை யாரும் விரும்புவதில்லை; முகங்களும் இறுகிவிடும்.

சில வரம்புகள் உண்டு. படித்துறையில் குளிப்பவர்களை எடுக்கக் கூடாது, தொலைவிலிருந்தும் கூடாது. குழந்தைகள் என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கோயில்களுக்குள் கேமரா கொண்டு போகும் முன் அனுமதி கேளுங்கள்; பல கோயில்களில் கிடைக்காது. இம்மாவட்டத்துப் பெரிய கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் நுழைய வேண்டும் என்பதால், பையை யாரிடம் விட்டுப் போவது என்பதையும் யோசித்துவையுங்கள்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு கேமரா, 35 மி.மீ. அல்லது 24–70 மி.மீ. லென்ஸ், சிறிய முக்காலி, இரண்டு பேட்டரி, மென்துணி இரண்டு (ஒன்று காய்ந்ததற்கு, ஒன்று ஈரத்துக்கு), பெரிய பிளாஸ்டிக் உறை, கைவிளக்கு, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு. இவ்வளவு போதும். நீண்ட டெலி லென்ஸ் இருந்தால் மாலையில் மலைக்கும் காற்றாலைக்கும் உதவும், இல்லையென்றாலும் குறையில்லை. டிரோனை விட்டுவிட்டு வாருங்கள். பறக்கவிடுவதற்கான அனுமதி வரைபடத்தைப் பார்க்காமல் அதை எடுக்கவே கூடாது. அதைவிட, தெருவில் நின்று எடுக்கும் படங்களுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

செல்போனை மட்டும் வைத்து எடுப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். ஆனால் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: திரையில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்ச அளவைச் சற்றுக் கீழே இழுத்த பிறகே எடுங்கள். பூட்டாவிட்டால் செல்போன் தானாகவே நிழல்களைத் தூக்கிக் காட்டும். விடியற்காலையும் நண்பகலைப் போலவே ஆகிவிடும்.

4. இரவே கேமராவைத் தயார் செய்யுங்கள்

விடியலின் பதினைந்து நிமிடத்தில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. எனவே இரவே இவற்றை முடித்துவிடுங்கள்.

கோப்பு வகை ரா (கேமரா திருத்தாமல் வைக்கும் மூலக் கோப்பு). ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) தானியங்கியில் வேண்டாம். பகல் வெளிச்சம் என்று நிலையாக வையுங்கள். தானியங்கியில் விட்டால், விடியலின் நீலத்தையும் முதல் வெயிலின் பொன்னிறத்தையும் கேமரா ‘குறை’ என்று எண்ணித் திருத்திவிடும். நாம் எடுக்க வந்ததே அந்த மாற்றத்தைத்தான். நிலையாக வைத்தால் 5.45 மணிப் படமும் 7 மணிப் படமும் அருகருகே வைக்கும்போது காலம் நகர்வது தெரியும்.

அப்பர்ச்சர் முறை (லென்ஸ் திறப்பை மட்டும் நாம் வைப்பது), தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125, ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400. விடியலுக்கு முன், எல்லா அளவையும் நாமே வைக்கும் மேனுவல் முறை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: தெளிந்த வானத்தில் உதயத்துக்கு முந்தைய இருபது நிமிடங்களில், ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் வெளிச்சம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். நீங்கள் அளவைத் திருத்துவதற்குள் அது தாண்டிவிடும்.

இன்னொன்று: ஏ.சி. அறையில் கேமராவை வைத்துத் தூங்காதீர்கள். குளிர்ந்த லென்ஸ் ஈரக் காற்றில் வெளியே வந்ததும் பனிபடர்ந்துவிடும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படரும். பையை மூடியபடி அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட்டால் போதும்.

5. விடிவதற்கு முன்: சந்தையில் தொடங்குங்கள்

மலை மறைக்கும் ஊரில் வானத்தை நம்பித் தொடங்கக் கூடாது. விளக்கு இருக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். தோவாளையில் அது பூச்சந்தை. விடிவதற்கு வெகுமுன்பே மூட்டைகள் இறங்கி, பிச்சியும் மல்லிகையும் அரளியும் கேந்தியும் குவியத் தொடங்கிவிடும். உதயத்துக்கு 50 நிமிடம் முன்பு அங்கே இருங்கள்.

முதல் பத்து நிமிடம் படம் எடுக்காமல் விளக்குகளைப் பாருங்கள். ஒரு கடையில் வெள்ளை எல்.இ.டி., அடுத்ததில் மஞ்சள் குண்டு விளக்கு, மேலே நீல தார்ப்பாய். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே விடிந்த பின் எடுத்தால் முகமும் மல்லிகையும் நீலம் பாயும்; பின்னால் கணினியில் திருத்தினாலும் தோலின் நிறம் திரும்பாது. ஒரே வகை விளக்கு உள்ள கடையாகத் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளைப் பூக்குவியல் படத்தில் பெரிதாக இருந்தால் வெளிச்ச அளவை 2/3 ஸ்டாப் கூட்டுங்கள். கேந்திக்கும் சிவப்பு ரோஜாவுக்கும் வேறு சிக்கல்: மொத்த ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரியாக இருக்கும், சிவப்பு மட்டும் வழிந்து இதழ்களின் விளிம்பு ஒரே நிறத் திட்டாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்புக் கோடு வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் இங்கே இழக்கும் படங்கள்தான் அதிகம்.

மூட்டை தூக்கி வருகிறவர்களின் வழியில் நிற்காதீர்கள். ஓரமாக, ஒரு தூணுக்கு அருகே நின்றால் அவர்களே உங்கள் சட்டகத்துக்குள் வந்து போவார்கள்.

உதயத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் இருக்கும்போது வெளியே வந்து, சந்தையை வானத்தோடு சேர்த்துப் பார்க்கும் இடத்தில் நில்லுங்கள். அப்போது சில நிமிடங்களுக்கு வானத்தின் நீலமும் கடை விளக்கும் சம அளவில் இருக்கும். அதற்கு முன் வானம் கறுப்பு. அதற்குப் பின் விளக்கு மங்கல். முந்தைய நாளே இந்த இடத்தை முடிவு செய்திருக்க வேண்டும். முக்காலியைப் பயன்படுத்துவது இந்தக் காலையில் இங்கே மட்டும்தான்.

6. முதல் வெயில்: மேலிருந்து கீழே

சந்தையில் இன்னும் நல்ல காட்சி இருக்கிறதே என்று தங்கிவிடுவது பொதுவான தவறு. விளக்கொளிப் படங்கள் முடிந்துவிட்டன, நடக்கத் தொடங்குங்கள்.

கிழக்கே மலை உள்ள ஊரில் வெயில் தெருவுக்கு வருவதற்கு முன், மேற்கே தள்ளி நிற்கும் குன்றுகளின் உச்சியையும் காற்றாலை இறக்கைகளையும் தொடும். பிறகு கோபுர உச்சி, தேவாலயச் சிலுவை, தென்னந்தலைகள், ஓட்டுக்கூரை, கடைசியாகத் தெரு. இந்த வரிசையிலேயே படமெடுங்கள்: முதலில் சற்று உயரமான இடத்தில் நின்று தொலைவில் உள்ளவை, பிறகு தெருவுக்கு இறங்கி வாருங்கள். வெயில் வரும்போது நீங்கள் ஏற்கெனவே தெருவில் இருக்க வேண்டும்.

தெருவில் வெயில் விழும் முதல் அரை மணி நேரம் பக்கவெளிச்சத்துக்கே. கோலத்தின் மேடு, ஓட்டின் வரிசை, காரை உதிர்ந்த சுவர், மாலை கட்டுகிறவரின் விரல்கள் என ஒவ்வொன்றும் புடைத்துத் தெரிவது சாய்ந்த ஒளி ஒரு பக்கமாக விழும்போதுதான். தோவாளைக்குப் பெயர் பெற்றுத் தந்த, பூக்களை மடித்துக் கட்டும் மாணிக்கமாலையை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் தட்டையான நிறப் பட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்து ஒளி வந்தால் ஒவ்வொரு மடிப்பும் கண்ணுக்கு வரும். சூரியன் உங்கள் தோளின் ஒரு பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். முதுகுக்கு நேர் பின்னே இருந்தால் உங்கள் நிழலே படத்தில் வந்து படுத்துக்கொள்ளும்.

7. ஒன்பது மணிக்கு மேல்: நிழலுக்குள் போங்கள்

மார்ச் மாதத்தில் ஒன்பது மணிக்கே சூரியன் ஏறக்குறைய 40 பாகை உயரத்துக்கு வந்துவிடும். பலர் இந்த நேரத்தில் அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் உட்புறத்தை எடுக்க ஏற்ற நேரம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. வெளியே வெயில் கடுமையாக இருந்தால்தான் முற்றத்திலிருந்து எகிறும் ஒளி திண்ணைக்குள்ளும் கடைக்குள்ளும் நிறையும்.

ஆளைத் திண்ணையின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே உட்காரச் சொல்லுங்கள். முகம் தெருவைப் பார்க்க, நீங்கள் பக்கவாட்டில் இருங்கள். எதிரே வெள்ளையடித்த சுவர் இருந்தால் ஒளி தூய்மையாக இருக்கும். சிவப்புத் தரை என்றால் தாடைக்குக் கீழே சிவப்பு ஏறும். மரத்தடி நிழலைத் தவிருங்கள். கண்ணுக்கு இதமாகத் தெரியும். படத்தில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும்.

பழைய ஓட்டு வீடுகளில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடி ஓடு இருக்கிறதா என்று கேளுங்கள். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அதன் வழியே ஒளிக்கற்றை தரைவரை இறங்கும். அடுப்புப் புகை இருந்தால் கற்றையே உருவமாகத் தெரியும். கற்றை விழும் இடத்துக்கு அளவைப் பூட்டி, மற்றதை இருளில் விடுங்கள். வீட்டின் சமையலறை என்பதால், வீட்டு அக்கா அழைத்தால் மட்டுமே உள்ளே போங்கள்.

8. மேகம் ஓடும்போது: அளவைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மழை கொட்டும்போது தோவாளைப் பக்கம் வெறும் சாரலும், விரைந்தோடும் மேகமும், இடையிடையே வெயிலுமாக இருக்கும். ‘மாறும் வெளிச்சம்’ என்பதன் முழுப் பொருள் இந்த மாதங்களில்தான் தெரியும். ஒரு வெயில் திட்டு மலைச்சரிவில் ஊர்ந்து, வயலைத் தாண்டி, ஒரு கூரையை மட்டும் பளிச்சென்று காட்டிவிட்டு மறையும்.

இந்தத் திட்டைத் துரத்துகிறவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. அது உங்களைவிட வேகமானது. செய்ய வேண்டியது இது:

முதலில் சட்டகத்தை முடிவு செய்யுங்கள். வெயில் எங்கே விழுந்தால் படம் நிறைவாகும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்: அந்த ஓட்டு வீடா, மலையின் இடது தோளா, சாலை வளைவா?

அடுத்து மேனுவல் முறைக்கு மாறி, வெயில் விழுந்த இடத்துக்கு ஏற்ற அளவை முன்கூட்டியே வையுங்கள். அருகில் எங்காவது வெயில் இருந்தால் அதில் அளந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/400 என்று தொடங்குங்கள். முழு வெயிலுக்குப் பொருந்தும் அளவு அது. இப்போது எடுத்துப் பார்த்தால் படம் இருண்டிருக்கும். இருண்டிருக்கத்தான் வேண்டும். திட்டு வந்து விழும்போது அந்த இடம் மட்டும் சரியாக ஒளிரும். சுற்றியுள்ள நிழல் ஆழமாக நிற்கும். அளவைக் கேமராவிடம் விட்டால், பெரும்பகுதி நிழல் என்பதால் அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நீங்கள் காத்திருந்த வெயில் வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும்.

மூன்றாவதாக, சட்டகத்தைப் பார்க்காமல் மேற்கே பாருங்கள். மேகத்தில் இடைவெளி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்தால் திட்டு வருவதற்கு ஓரிரு நிமிடம் முன்பே தெரிந்துவிடும். அரை மணி நேரம் வரவில்லையென்றாலும் இடம் மாறாதீர்கள். மாறிய இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றாலைகளுக்கு ஒரு குறிப்பு. வேகமான ஷட்டரில் இறக்கைகள் நின்றுபோய், காற்றே இல்லாத நாள் போலத் தோன்றும். முக்காலியில் வைத்து 1/15 அல்லது 1/8-இல் எடுங்கள். இறக்கை நுனிகள் மட்டும் கலங்கித் தெரியும். கணவாய்க் காற்று முக்காலியையே ஆட்டும். பையை அதன் நடுவில் தொங்கவிட்டு, கால்களை விரித்துத் தாழ்வாக நிறுத்துங்கள். திறந்த வெளியில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை வேறு. பெரும்பாலும் காலை தெளிவாக விடிந்து, பிற்பகலில் மலைமேல் மேகம் திரண்டு, மாலையில் இடியோடு இறங்கும். எனவே இந்த மாதங்களில் திறந்தவெளிப் படங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இடி கேட்டால் வயல்வெளியிலும் குளக்கரையிலும் நிற்கக் கூடாது. முக்காலியை மடக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் போங்கள்.

9. மழை விட்டதும்

டீக்கடையில் ஒதுங்கியிருப்பவர்கள் மழை முழுதாக விட்ட பிறகே வெளியே வருகிறார்கள். தூறல் மெலியும்போதே வாருங்கள். ஈரத் தார்ச்சாலையில் ஒளி பிரதிபலிப்பதும், இலைகள் கழுவிய பச்சையில் நிற்பதும் சிறிது நேரத்துக்குத்தான். வெயில் வந்தால் சாலை விரைவில் காய்ந்துவிடும். தாழ்வாகக் குனிந்து, தெரு முடியும் திசையில் வானம் வெளுத்திருக்குமாறு பார்த்து எடுங்கள்.

மணக்குடி, முட்டம் போன்ற கடலோர ஊர்களை எடுப்பவர்களுக்கு மழையைவிட உப்புக்காற்றே தொல்லை. லென்ஸில் மெல்லிய படலம் படிந்து எதிர்வெளிச்சப் படங்கள் எல்லாம் மங்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கண்ணாடியைக் கீறும். முதலில் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி.

10. மாலை: தண்ணீரைப் பார்த்து நில்லுங்கள்

தோவாளைக்கு மேற்கே நாஞ்சில் நாட்டு வயல் திறந்து கிடக்கிறது. காலையில் மலை எடுத்துக்கொண்ட நேரத்தை மாலை திருப்பித் தருகிறது. அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சானல் கரையிலோ வயல் வரப்பிலோ இடம்பிடியுங்கள்.

முதல் பாதியில் சூரியனுக்கு முதுகைக் காட்டுங்கள். கிழக்கே உள்ள பாறைமலை சிவந்து வருவதை எடுங்கள். எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்தப் படம் பலருக்குக் கிடைப்பதேயில்லை. சூரியன் தாழ்ந்த பிறகு திரும்பி, எதிர்வெளிச்சத்தில் வரப்பில் நடப்பவர்களை எடுங்கள். ஆள் வானத்தின் மேல் தனியாகத் தெரிய வேண்டும். தலையோடு தென்னை ஒட்டிக்கொண்டால் உருவம் புரியாது. இரண்டடி நகர்ந்தால் அது சரியாகிவிடும்.

போலரைசர் கண்ணாடி மாட்டியிருந்தால், தண்ணீரில் பிரதிபலிப்பு எடுக்கும்போது கழற்றுங்கள். அது பிரதிபலிப்பைத்தான் முதலில் தின்னும். தேரூர், சுசீந்திரம் குளங்களில் குளிர்காலத்தில் பறவைகள் தங்கியிருக்கும். கரையை விட்டு இறங்கி அவற்றைக் கிளப்பிவிட்டுப் படமெடுப்பதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாமல் ஊருக்குள் திரும்புங்கள். காலைச் சந்தையில் நடந்தது தலைகீழாக நடக்கும்: தெருவிளக்கும் டீக்கடை விளக்கும் எரிய, வானம் நீலமாக இறங்கி வரும். மறைந்ததிலிருந்து ஏறக்குறைய 15 நிமிடம் கழித்து இரண்டும் சமமாகும். எங்கே நிற்பது என்பதை இப்போதும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

11. அன்று இரவே

படங்களை இரண்டு இடங்களில் நகல் எடுங்கள். பிறகு அழகை வைத்துப் பிரிக்காமல் முதலில் நேரத்தை வைத்து அடுக்குங்கள்: விடியலுக்கு முன், முதல் வெயில், நிழல், மேகம், மாலை, விளக்கு. எந்தப் பகுதியில் படமே இல்லை என்று உடனே தெரியும். பெரும்பாலும் காலியாக இருப்பது காலை ஒன்பதுக்கும் மாலை நான்குக்கும் இடைப்பட்ட நேரம்.

வரைந்த தாளை எடுத்து, எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுந்தது, எப்போது விலகியது என்று தேதியோடு எழுதுங்கள். மலை உண்மையில் எத்தனை நிமிடம் தாமதப்படுத்தியது என்பதையும் முஷ்டிக் கணக்குக்குப் பக்கத்தில் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஊருக்குப் போகும்போது இந்தத் தாளில் வடக்கையும் தெற்கையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

படம் எடுக்க உட்கார்ந்து கொடுத்தவர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்கும் படங்களைத் தனியாக எடுத்துவையுங்கள். பெயரையும் கடையையும் அன்றே எழுதாவிட்டால் பிறகு யாருக்கு எது என்று தெரியாது. அடுத்த முறை சந்தைக்குள் நுழையும்போது அந்த அச்சுப் படங்கள் பையின் மேல் அறையில் இருக்க வேண்டும். கேமராவை எடுப்பதற்கு முன் அவற்றைக் கொடுத்துவிடுங்கள்.